நவுறு: அகழ்ந்து விற்கப்பட்ட மேட்டுநிலம்

மாணவர்களே, தேசப்படப் புத்தகத்தில் பசுபிக் சமுத்திரம் உள்ள பக்கத்தை எடுங்கள். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கே, கிழக்கு நெடுங்கோடு 167 பாகையை ஒட்டி மேல்நோக்கிச் செல்லுங்கள். மத்தியகோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னர், அதாவது தெற்கு அகலக்கோடு அரைப் பாகையளவில், ஒரு புள்ளி இருக்கும். சில படங்களில் அந்தப் புள்ளியைவிட அதன் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அதுவே நவுறுக் குடியரசு.

இதன் பரப்பளவு 21 சதுர கிலோமீற்றர். எமது நெடுந்தீவின் பாதியிலும் குறைவு. தீவைச் சுற்றிச் செல்லும் வீதி ஏறத்தாழ 19 கிலோமீற்றர் நீளமானது. உலகின் சுதந்திர நாடுகளுள் வத்திக்கான், மொனாக்கோ ஆகிய இரண்டு மட்டுமே இதனைவிடச் சிறியவை. எனவே உலகின் மிகச் சிறிய தீவு நாடு எது என்று வினவப்பட்டால் விடை நவுறு ஆகும். சனத்தொகை ஏறக்குறைய 12,000. மிக அண்மையிலுள்ள நிலம் கிரிபாட்டி நாட்டுக்குரிய பனாபா தீவு. அதுவும் கிழக்கே சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது.

இத்தனை சிறிய நாட்டை நாம் ஏன் கற்க வேண்டும்? பெரிய நாடொன்றில் ஒரு வளம் அழிந்தால் அதன் விளைவு பல மாகாணங்களுக்கும் பல தலைமுறைகளுக்கும் பரவி மறைந்துவிடும். நவுறுவில் அவ்வாறு மறைவதற்கு இடமில்லை. கனிய வளத்தின் கண்டுபிடிப்பு, அகழ்வு, செல்வம், வறுமை, வழக்கு, மீட்பு முயற்சி எல்லாம் ஒரு நூற்றாண்டுக்குள், ஒரு மணித்தியாலத்துக்குள் சைக்கிளில் சுற்றிவரக்கூடிய ஒரு தீவில் நடந்து முடிந்துள்ளன. வளமும் சூழலும் பற்றிய அலகுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தரைத்தோற்றம்

இப்பகுதியை நன்கு விளங்கிக்கொண்டால் பின்வரும் அனைத்தும் எளிதாகும். விளங்காமல் ஆண்டுகளை மாத்திரம் மனனம் செய்பவர்கள் விடையில் தடுமாறுவார்கள்.

நவுறு ஓர் உயர்த்தப்பட்ட முருகைக்கல் தீவு. கடலடியில் எழுந்த எரிமலை ஒன்றின் உச்சியில் முருகை உயிரினங்கள் காலங்காலமாக வளர்ந்து தடித்த சுண்ணக்கல் மூடியை உருவாக்கின. பின்னர் அது கடல்மட்டத்துக்கு மேலே உயர்ந்தது. இதனால் மாலைதீவு, துவாலு போன்ற தாழ்ந்த முருகைத் தீவுகளில் இல்லாத ஒன்று நவுறுவுக்குக் கிடைத்தது. அதுவே நடுவிலுள்ள மேட்டுநிலம். இதன் மிக உயர்ந்த இடம் சுமார் 65 மீற்றர்.

தீவின் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து பாருங்கள். வெளியே ஆழ்கடல். அடுத்து, வற்றுப்பெருக்கின்போது வெளித்தெரியும் முருகைக்கற்பார். பின்னர் வெண்மணற் கரை. அதற்குப் பின்னால் 150 முதல் 300 மீற்றர் வரை அகலமான வளமான கரையோரப் பட்டி. தென்னையும் தாழையும் வளர்வது இங்கேதான், வீடுகள் இருப்பதும் இங்கேதான். அதற்கும் உள்ளே சாய்வாக எழும் சுண்ணக்கல் விளிம்பு. விளிம்பின் மேல் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். தீவின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இம்மேட்டுநிலமே. தென்மேற்குப் பக்கமாக உட்பகுதியில் புவாடா என்னும் சிறு நீர்த்தேக்கம் ஒன்றும் உண்டு. முன்னாளில் கடலில் பாலைமீன் குஞ்சுகளைப் பிடித்து இங்கு விட்டு வளர்த்து உண்டனர். 1960களில் திலாப்பியா மீன் புகுந்த பின்னர் அவ்வழக்கம் நலிந்தது.

இப்போது மேட்டுநிலத்தின் உட்புறத்தைக் கவனியுங்கள். சுண்ணக்கல் மழைநீரில் கரையும் என்பது உங்களுக்குத் தெரியும். நீண்ட காலம் கரைந்ததால் இம்மேட்டின் மேற்பகுதி கூரிய சுண்ணக்கல் தூண்களாகப் பிரிந்தது. தூண்களுக்கு இடையிலிருந்த குழிகளில் பொசுபேற்று நிரம்பியது. கடற்பறவைகளின் எச்சம் சுண்ணக்கல்லுடன் தாக்கமுற்றதால் இது உருவானதெனப் பொதுவாக விளக்கப்படுகின்றது. அதன்மேல் மெல்லிய மண்படை அமைந்து, புன்னை முதலிய மரங்கள் காடாக வளர்ந்தன.

ஒரு பெட்டிக்குள் பென்சில்களை நெருக்கமாக நிறுத்தி, இடைவெளிகளில் மணலை நிரப்பி, மேலே ஒரு துணியை விரித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். துணிதான் மண்ணும் காடும். மணல்தான் பொசுபேற்று. துணியை அகற்றி மணலை அள்ளிவிட்டால் என்ன மிஞ்சும்? நவுறுவின் நடுப்பகுதி இன்று அப்படித்தான் இருக்கின்றது. பல மீற்றர் உயரமான சாம்பல் நிறத் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றிடையே நடக்கவும் முடியாது, பயிரிடவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது.

காலநிலையும் நீரும்

மத்தியகோட்டுக்கு அண்மையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதனும் கொண்ட அயன வலயக் காலநிலை நிலவுகின்றது. வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. மாறுவது மழைதான். சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி 2,000 மில்லிமீற்றர் அளவில் இருந்தாலும், சில ஆண்டுகளில் அதன் இருமடங்கு பெய்யும், சில ஆண்டுகளில் சில நூறு மில்லிமீற்றருடன் நின்றுவிடும். எல் நினோ ஆண்டுகளில் நவுறுவுக்கு மழை கூடும், லா நினா ஆண்டுகளில் வறட்சி ஏற்படும். அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் இது பெரும்பாலும் மறுதலையாக நிகழும். மாணவர்கள் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடுவதுண்டு. எச்சரிக்கையாக இருங்கள்.

ஆறுகள் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே இங்கும் மழைநீர் சுண்ணக்கல்லினூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. ஆனால் தீவு சிறியதாகையால் அவ்வில்லையும் மெல்லியது, பல இடங்களில் உவர்த்தன்மை உடையது. ஆகவே கூரையில் விழும் மழைநீரைத் தாங்கிகளிற் சேமிப்பதும், கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தில் தங்கியிருப்பதும் வழக்கமாயின. அந்நிலையம் இயங்க எரிபொருள் வேண்டும், எரிபொருள் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதித்தால் குடிநீரும் தாமதிக்கும்.

மக்கள்

நவுறு மக்கள் மைக்குரோனேசியக் குழுவைச் சேர்ந்தவர்கள். தமக்கென நவுறுவ மொழியைக் கொண்டவர்கள். ஆங்கிலமும் பரவலாக வழங்குகின்றது. மரபு வழியாகப் பன்னிரு குலங்கள் இருந்தன. தேசியக் கொடியிலுள்ள பன்னிரு முனை வெண்ணட்சத்திரம் இவற்றையே குறிக்கின்றது. நீல நிறத்தின் குறுக்கே செல்லும் மஞ்சட் கோடு மத்தியகோடு, நட்சத்திரம் அதற்குச் சற்றுக் கீழே இருக்கும். இக்கொடி ஒரு சிறு தேசப்படமும் ஆகும்.

1798 இல் இத்தீவைக் கண்ட பிரித்தானியக் கப்பற்றலைவர் ஜோன் பேர்ன் இதற்கு இனிய தீவு என்னும் பொருள்படப் பெயரிட்டார். 19ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் வழியே துப்பாக்கியும் மதுவும் வந்தன. 1878 முதல் பத்து ஆண்டுகள் உள்நாட்டுச் சண்டை நீடித்தது. 1888 இல் ஜேர்மனி தீவைக் கைப்பற்றி இணைத்துக்கொண்டது.

இங்கு ஒரு விழாவைக் குறிப்பிட வேண்டும். ஒக்டோபர் 26 ஆம் திகதி நவுறு மக்கள் அங்கம் நாள் கொண்டாடுவர். இச்சொல் எமது ‘அங்கம்’ அல்ல, ஒலி ஒற்றுமை மட்டுமே. 1920 இல் பரவிய சளிச்சுரக் கொள்ளைநோயால் தீவில் பலர் இறந்தனர். ஓர் இனம் நிலைத்திருக்கக் குறைந்தது 1,500 பேராவது தேவை எனக் கருதப்பட்டது. 1932 இல் சனத்தொகை 1,500 ஐ எட்டியபோது அந்த நாளை விழாவாக அறிவித்தார்கள். பின்னர் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1942 இல் யப்பான் தீவைக் கைப்பற்றியது. 1943 இல் 1,200 நவுறு மக்கள் 1,600 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சூக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்காகக் கொண்டு செல்லப்பட்டனர். யுத்தம் முடிந்து 1946 சனவரி 31 இல் திரும்பி வந்தவர்கள் 737 பேர். 1949 இல் சனத்தொகை மீண்டும் 1,500 ஐ எட்டியது. ஒரே எண்ணை இருமுறை எட்ட வேண்டியிருந்த ஓர் இனம் இது. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் சுதந்திரம் பெறும்போது அதே சனவரி 31 ஐயே தெரிந்தெடுத்தார்கள்.

பொசுபேற்று அகழ்வு

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பசுபிக் தீவு வாணிபக் கம்பனி ஒன்றின் அலுவலகத்தில் ஒரு கல் கிடந்தது. நவுறுவிலிருந்து வந்த அக்கல் கதவு மூடாமல் தடுக்க வைக்கப்பட்டிருந்தது. கல்லாகிப்போன மரத்துண்டு என்றே பலரும் எண்ணியிருந்தனர். அங்கு பணியாற்றிய அல்பேட் எலிஸ் 1899 இல் ஐயங்கொண்டு அதனைச் சோதித்தார். அது மிக உயர்ந்த தரமான பொசுபேற்று எனத் தெரியவந்தது.

இதன் பெறுமதி விளங்க வேண்டுமானால் வாங்குபவரின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவினதும் நியூசிலாந்தினதும் மண்ணில் பொசுபரசு குறைவு. கோதுமைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் பசளை வேண்டும். பொசுபேற்றுப் பாறையைச் சல்பூரிக்கமிலத்துடன் சேர்த்தால் மேற்பொசுபேற்றுப் பசளை கிடைக்கும். ஆகவே நவுறுவின் மேட்டுநிலம் கப்பல் கப்பலாகச் சென்று பிற நாட்டு வயல்களில் தூவப்பட்டது. அந்நாடுகளின் பாலும் இறைச்சியும் கம்பளியும் உலகச் சந்தைக்கு வந்ததில் இச்சிறு தீவுக்கும் பங்குண்டு.

அகழ்வு 1906 இல் தொடங்கியது. காணிச் சொந்தக்காரருக்குத் தொன் ஒன்றுக்கு அரைப் பென்னி வழங்கப்பட்டது. வேலைக்குச் சீனாவிலிருந்தும் பிற பசுபிக் தீவுகளிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். 1914 இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும் அவுஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. யுத்தத்தின் பின்னர் சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி ஐக்கிய இராச்சியம், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் நவுறுவுக்குப் பொறுப்பாயின. நிருவாகத்தை நடத்தியது அவுஸ்திரேலியா. பொசுபேற்றை எடுத்தது மூன்று நாடுகளும் சேர்ந்து அமைத்த பிரித்தானியப் பொசுபேற்று ஆணைக்குழு. முதல் இரு நாடுகளுக்கும் நூற்றுக்கு 42 வீதமும் நியூசிலாந்துக்கு 16 வீதமும் எனப் பங்கு பிரிக்கப்பட்டது. பொசுபேற்று உலகச் சந்தை விலையிலும் குறைந்த விலையில் அந்நாட்டு விவசாயிகளுக்குச் சென்றது. நவுறு மக்களுக்கு இப்பங்கீட்டில் இடமிருக்கவில்லை, சிறு உரிமைப்பணமே கிடைத்தது.

1947 இல் ஐக்கிய நாடுகள் சபையின் நம்பிக்கைப் பொறுப்பு ஆட்சியின் கீழ் நவுறு வந்தபோதும் பொறுப்பாளர்கள் அதே மூவர்தான். ஒருவரின் சொத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதனைத் தானே குறைந்த விலைக்கு வாங்கலாமா? பின்னர் எழுந்த வழக்கின் உயிர்நாடி இக்கேள்வியே.

1960களில் பொசுபேற்று விரைவில் தீர்ந்துவிடும் என்பது தெளிவாயிற்று. அப்போது அவுஸ்திரேலியா ஒரு யோசனை கூறியது. நவுறு மக்கள் அனைவரையும் குயின்ஸ்லாந்துக் கரைக்கு அண்மையிலுள்ள கேட்டிஸ் தீவில் குடியேற்றலாம் என்பதே அது. அங்கே சென்றால் தாம் அவுஸ்திரேலியருள் கரைந்து ஓர் இனமாக இல்லாமற் போவோம் என அஞ்சிய நவுறு மக்கள் 1964 இல் இதனை மறுத்தனர். இம்முடிவை நன்றாக நினைவில் வைத்திருங்கள். நிலம் போனாலும் நாட்டை விட்டுப் போகமாட்டோம் என்று சொன்னவர்கள் இவர்கள்.

1968 சனவரி 31 இல் நவுறு சுதந்திரமடைந்தது. ஹமர் டி ரொபேட் முதலாவது சனாதிபதியானார். பொசுபேற்றுக் கைத்தொழிலை 21 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கி, 1970 இல் முழுமையாகப் பொறுப்பேற்றார்கள்.

செல்வக் காலமும் வீழ்ச்சியும்

1970களில் பொசுபேற்று விலை உயர்ந்தது. சில ஆயிரம் பேரே கொண்ட நாட்டின் தலா வருமானம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிற்று. வருமான வரி இல்லை. கல்வியும் மருத்துவமும் இலவசம். சொந்த விமானசேவை ஒன்று பசுபிக் எங்கும் பறந்தது. மெல்பேர்ணில் 1977 இல் 52 மாடிகளைக் கொண்ட நவுறு மாளிகை எழுந்தது.

பொசுபேற்று தீர்ந்தபின் வாழ்வதற்காக ஒரு பொறுப்பு நிதியமும் ஏற்படுத்தப்பட்டது. திட்டம் நல்லதே. நடைமுறைதான் கெட்டது. முதலீடுகள் தக்க மேற்பார்வையின்றிச் செய்யப்பட்டன, சிலர் ஏமாற்றினர், நிதியத்தை ஈடுவைத்துக் கடன் பெறப்பட்டது. 1993 இல் இலண்டனில் இத்தாலிய ஓவியர் லியனார்டோ பற்றிய ஓர் இசை நாடகத்துக்குப் பணம் கொட்டப்பட்டது. நாடகம் சில வாரங்களிலேயே மூடப்பட்டது. தலா வருமானம் உயர்ந்திருப்பதும் நாடு அபிவிருத்தி அடைந்திருப்பதும் ஒன்றல்ல என்று ஆசிரியர்கள் கூறுவதை இங்கே காணலாம்.

உணவுப் பழக்கமும் மாறியது. மீனும் தேங்காயும் உண்டவர்கள் இறக்குமதி செய்த அரிசி, மா, சீனி, தகரத்திலடைத்த இறைச்சி ஆகியவற்றுக்கு மாறினர். பயிரிடவோ நிலம் இல்லை. நீரிழிவும் அதிக உடற்பருமனும் மிகக் கூடிய நாடுகளின் வரிசையில் நவுறு இடம்பெற்றது. நில அழிவு மக்களின் உடல்நலத்தையும் பாதித்தது எனத் துணிந்து எழுதலாம்.

2000 ஆம் ஆண்டளவில் எளிதில் எடுக்கக்கூடிய பொசுபேற்று பெரும்பாலும் முடிந்துவிட்டது. வேறு வழி தேடிய அரசாங்கம் வெளிநாட்டு வங்கிகளுக்குப் பதிவு வழங்கியது. நூற்றுக்கணக்கான வங்கிகள் இத்தீவில் பெயரளவில் பதிவாகின. கறுப்புப் பணம் மாற்றப்படுவதாகக் குற்றஞ்சாட்டி 2000 இல் சர்வதேச அமைப்பொன்று நவுறுவைக் கரும்பட்டியலில் சேர்த்தது. 2005 இலேயே அதிலிருந்து நீங்க முடிந்தது. 2004 இல் மெல்பேர்ண் மாளிகை விற்கப்பட்டது. 2005 இறுதியில் எஞ்சியிருந்த ஒரே விமானமும் கடனுக்காகப் பறிமுதலானது. முன்னர் விடப்பட்டவற்றைத் தூண்களின் அடியிலிருந்து தோண்டும் இரண்டாம் நிலை அகழ்வு 2006 இல் தொடங்கியது.

வழக்கும் ஓர் இலங்கையரும்

சுதந்திரத்துக்கு முன்னரே அகழ்ந்து முடிக்கப்பட்ட பகுதி, மொத்த அகழ்வு நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அதனைப் புனரமைக்கும் பொறுப்பு யாருடையது? இதனை ஆராய நவுறு அரசாங்கம் 1986 இறுதியில் ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. அதன் தலைவர் இலங்கையின் முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. 1988 இல் நிறைவுற்ற விரிவான அறிக்கையில், அப்பொறுப்பு மூன்று நாடுகளுக்கும் உரியது என ஆணைக்குழு கூறியது. இவரே பின்னர் சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசராகவும் உபதலைவராகவும் விளங்கியவர். வழக்கின் பின்னணியை அவர் 1992 இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

1989 இல் நவுறு அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மூன்று நாடுகள் சேர்ந்து செய்ததற்குத் தன்னை மட்டும் விசாரிக்க முடியாது என்பது அவுஸ்திரேலியாவின் வாதங்களுள் ஒன்று. 1992 யூன் 26 இல் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்து, வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டெனத் தீர்த்தது. முழு விசாரணை நடப்பதற்கு முன் 1993 இல் இணக்கம் ஏற்பட்டது. அவுஸ்திரேலியா 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வழங்க உடன்பட்டது. ஒரு பகுதி உடனடியாகவும் மிகுதி 20 ஆண்டுத் தவணைகளாகவும் வழங்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏனைய இரு நாடுகளும் தலா 12 மில்லியன் பங்களித்தன.

நவுறு வழக்கில் வென்றது என்று சிலர் எழுதுவர். அது சரியன்று. ஆரம்ப ஆட்சேபனைகளில் நவுறுவுக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது, மிகுதி பேசித் தீர்க்கப்பட்டது. இவ்வேறுபாட்டைக் காட்டி எழுதினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

இன்றைய வருமானம்

நவுறு இன்று முக்கியமாக மூன்றில் தங்கியுள்ளது. முதலாவது கடல். தரை 21 சதுர கிலோமீற்றர் ஆயினும் பிரத்தியேக பொருளாதார வலயம் 300,000 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. அதில் சூரை மீன் நிறைந்துள்ளது. பிடிக்கப் போதிய கப்பல்கள் நவுறுவிடம் இல்லை. ஆனால் 1982 இல் நவுறு உடன்படிக்கை என்ற பெயரில் அயல்நாடுகள் ஒன்றுசேர்ந்தன. இன்று எட்டு நாடுகள் அதிற் கூட்டாகச் செயற்பட்டு, வெளிநாட்டுக் கப்பல்கள் தம் கடலில் தங்கும் நாட்களுக்குக் கட்டணம் அறவிடுகின்றன. தனித்தனியே பேரம்பேசினால் ஒரு நாட்டை மற்றொன்றுக்கு எதிராகப் பயன்படுத்தி விலையைக் குறைக்கலாம். எட்டும் சேர்ந்ததால் அது முடியாமற் போனது. பொசுபேற்றுக் காலத்தில் இல்லாத பேரம்பேசும் பலம் இது.

இரண்டாவது, அவுஸ்திரேலியா செலுத்தும் பணம். 2001 முதல் 2008 வரையும், பின்னர் 2012 முதலும், படகில் வந்து தஞ்சம் கோரியவர்களை அவுஸ்திரேலியா நவுறுவில் தங்கவைத்தது. 2007 இல் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் 80 க்கும் மேற்பட்ட இலங்கையர் இருந்தனர், பெரும்பாலோர் தமிழர். அக்காலத்தில் எமது பத்திரிகைகளில் நவுறு என்ற பெயர் அடிபட்டதற்குக் காரணம் இதுவே. இத்திட்டத்தை மனித உரிமை அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன. நவுறுவின் வரவுசெலவுத் திட்டமோ அதிற் பெருமளவு தங்கி நின்றது. இரண்டும் உண்மை.

மூன்றாவது வெளிநாட்டு உதவியும், 2015 இல் பங்காளி நாடுகளின் மேற்பார்வையுடன் ஆரம்பிக்கப்பட்ட புதிய நிதியமும். பழைய நிதியத்தில் பட்ட பாடு இதன் விதிகளில் தெரிகின்றது. நினைத்தவுடன் பணம் எடுக்க முடியாது. வருமான வரியும் 2014 இல் முதன்முறையாக அறிமுகமானது. 2024 சனவரியில் நவுறு தாய்வானுடனான இராஜதந்திர உறவை விடுத்துச் சீனாவை அங்கீகரித்தது. சிறு நாடுகளுக்கு ஐக்கிய நாடுகள் சபையிலுள்ள ஒரு வாக்கும் ஒரு வளமே.

இன்னொரு கனிய வளத்தின் வாசலிலும் நவுறு நிற்கின்றது. ஹவாய்க்கும் மெக்சிக்கோவுக்கும் இடைப்பட்ட ஆழ்கடற் தரையில் நிக்கல், கோபாற்று முதலியன அடங்கிய உருண்டைகள் கிடக்கின்றன. அவற்றை எடுக்க முனையும் ஒரு கம்பனிக்கு நவுறு அனுசரணை வழங்குகின்றது. 2021 யூனில், இரு ஆண்டுகளுக்குள் அகழ்வு விதிகளை முடிக்குமாறு சர்வதேச கடற்படுக்கை அதிகாரசபையை நவுறு கோரியது. 2023 யூலையில் காலக்கெடு முடிந்தும் விதிகள் முடியவில்லை. தன் நிலத்தை அகழ்வுக்கு இழந்த நாடே கடலடி அகழ்வை வலியுறுத்துவதா எனச் சிலர் வியக்கின்றனர். கையில் வேறு வளமில்லாத நாட்டிடம் இக்கேள்வியைக் கேட்பது எளிது.

மீண்டும் மேட்டுநிலம்

ஆரம்பத்தில் வரைந்த குறுக்குவெட்டு முகத்தைத் திரும்ப எடுங்கள். மக்கள் எங்கே வாழ்கிறார்கள்? கரையோரப் பட்டியில். விமான ஓடுபாதையும் பாராளுமன்றமும் யாரென் மாவட்டத்தில் கரையருகே உள்ளன. (நவுறுவுக்கு உத்தியோகபூர்வத் தலைநகரம் இல்லை. அரசாங்கம் யாரெனில் இயங்குகின்றது என எழுதுவதே சரி.) கடல்மட்டம் உயர்ந்தால் முதலிற் பாதிக்கப்படுவது இப்பட்டியே. பேரலைகளின்போது வீதியிலும் முற்றத்திலும் கடல்நீர் ஏறுகின்றது, கிணறுகள் உவராகின்றன.

துவாலுவுக்கு ஒதுங்குவதற்கு மேடு இல்லை. நவுறுவுக்கு உண்டு, ஆனால் அது அகழப்பட்டுத் தூண்காடாகக் கிடக்கின்றது. மக்களை அங்கே குடியேற்ற வேண்டுமானால் தூண்களை வெட்டித் தரைமட்டமாக்க வேண்டும், குழிகளை நிரப்ப வேண்டும், மண் சேர்க்க வேண்டும், நீரும் மின்சாரமும் கொண்டு செல்ல வேண்டும். சனத்தொகையின் பெரும்பகுதியை மேட்டுக்கு நகர்த்தும் பாரிய திட்டமொன்றை அரசாங்கம் முன்வைத்துள்ளது. அதற்குப் பணம் திரட்ட, 2025 இல் குறைந்தது 105,000 அமெரிக்க டொலர் செலுத்தும் வெளிநாட்டவருக்குக் குடியுரிமை வழங்கும் முறையும் ஆரம்பிக்கப்பட்டது. அன்று தொன் ஒன்றுக்கு அரைப் பென்னிக்குப் போன நிலத்தைத் திரும்ப நிலமாக்குவதற்கு இன்று குடியுரிமையை விற்கிறார்கள்.

விடை எழுதும்போது

“நவுறுவின் பொருளாதார வீழ்ச்சிக்கான காரணங்களை ஆராய்க” என வினா வந்தால் இரு வகையான அரைவிடைகளை மாணவர்கள் எழுதுவார்கள். எல்லாப் பழியையும் வெளிநாட்டார் மீது சுமத்துவது ஒன்று. கிடைத்த பணத்தை நவுறு மக்கள் வீணாக்கினர் என்று மட்டும் எழுதுவது மற்றொன்று. சுதந்திரத்துக்கு முன்னர் குறைந்த விலைக்கு வளம் எடுக்கப்பட்டு நிலம் புனரமைக்கப்படாது விடப்பட்டமை, சுதந்திரத்தின் பின்னர் நிதி தவறாக முகாமை செய்யப்பட்டமை, ஒரே வளத்தில் தங்கியிருந்தமை ஆகியவற்றை ஆண்டுகளுடன் காட்டி எழுதுங்கள். வினா “ஆராய்க” என்கிறது, “யார் குற்றவாளி” என்று கேட்கவில்லை.

பயிற்சி

1. நவுறுவின் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து, கரையோரப் பட்டி, மேட்டுநிலம், நன்னீர் வில்லை ஆகியவற்றைக் குறிக்க.

2. பொசுபேற்று அகற்றப்பட்ட பின்னர் சுண்ணக்கல் தூண்கள் எஞ்சியமைக்கான காரணத்தை விளக்குக.

3. அனுராதபுர மாவட்டத்திலுள்ள எப்பாவலையிலும் பொசுபேற்றுப் படிவு உண்டு. அதனை வேகமாக ஏற்றுமதி செய்வதா, உள்நாட்டுப் பசளைக்காகச் சிறிது சிறிதாகப் பயன்படுத்துவதா? நவுறுவின் அனுபவத்திலிருந்து இரு சான்றுகளைக் காட்டி உமது கருத்தை எழுதுக.

4. 1964 இல் கேட்டிஸ் தீவுக்குச் செல்ல நவுறு மக்கள் மறுத்தமை சரியான முடிவா? சார்பாக ஒன்றும் எதிராக ஒன்றுமாக இரு நியாயங்கள் தருக.